விண்டோஸை இழக்காமல் அதே கணினியில் லினக்ஸ்: முதல்முறை நிறுவுவோருக்கு

விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸையும் வைத்துக்கொள்ள நினைக்கிறீர்களா? லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலைதான். அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஏற்பாடுகளுக்குத்தான் ஒரு முழு நாள் வேண்டும். நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஏற்பாடு எதுவும் செய்யாமல் நேராக நிறுவப் போனேன். நிறுவி, அதாவது லினக்ஸை நிறுவித்தரும் மென்பொருள், என் டிஸ்க்கைக் காட்டவில்லை. கேள்விப்பட்டதை வைத்து பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மூன்று நான்கு அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன். அடுத்த முறை கணினியைப் போட்டபோது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. அப்படி ஒரு சாவி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதையெல்லாம் மாற்றினேன் என்பதும் நினைவில் இல்லை. சாவியைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என் கோப்புகள் இருக்கின்றனவா, போய்விட்டனவா என்று தெரியாமல் நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் லினக்ஸின் இரண்டு வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ சேர்ப்பதுதான் இங்கே சொல்லப்போவது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக் கணினிகளுக்கு இது பொருந்தாது, அங்கே வழியே வேறு. காலியான கணினி என்றால் விண்டோஸை முதலில் நிறுவுங்கள், லினக்ஸை அடுத்து. விண்டோஸ் நிறுவி தன்னையே முதலில் கிளம்பும்படி வைத்துக்கொள்ளும். லினக்ஸ் நிறுவி அப்படியில்லை, விண்டோஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தன் மெனுவில் அதையும் சேர்த்துக்கொள்ளும்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்

மென்பொருளுக்குச் செலவு இல்லை. உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம். பென் டிரைவ் தயாரிக்கும் கருவிகளும் இலவசம். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அது பென் டிரைவுக்கும் காப்பு நகல் எடுக்கும் வெளி டிஸ்க்குக்கும்தான். வெளி டிஸ்க்கை யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும், ஆனால் அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

பென் டிரைவ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஜிபி. ஒன்று லினக்ஸுக்கு. மற்றொன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு விண்டோஸ் நிறுவியை ஏற்றி வையுங்கள். அது தேவைப்படாமலே போகலாம். தேவைப்படும் நாளில் அதைத் தயாரிக்க உங்களிடம் ஓடும் கணினி இருக்காது என்பதால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன்.

உபுண்டு 24.04-க்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி டிஸ்க் இடமும் குறைந்தபட்சத் தேவை. மின்ட் 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால்தான் நிம்மதி. இரண்டும் 2029 வரை ஆதரவு உள்ள பதிப்புகள். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதால் கீழே வரும் படிகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பி ஒரு வாரத்தைச் செலவிட வேண்டாம். விண்டோஸ் பழகிய கண்ணுக்கு மின்ட் எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காப்பு நகலுக்கு அரை நாள், என்கிரிப்ஷனை (டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டி வைக்கும் வசதி) நீக்க ஒன்றிலிருந்து சில மணி நேரம், நிறுவ அரை மணி, அதன் பிறகு வரும் புதுப்பிப்புகளுக்கு இன்னொரு மணி. மறுநாள் அவசர வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். வேலை நாளின் இரவில் வேண்டவே வேண்டாம். மடிக்கணினி என்றால் கடைசி வரை சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

2. தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

தாள் என்று சொல்வது தாளைத்தான். கணினிக்குள் ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், கணினி திறக்காதபோது அதை எப்படிப் படிப்பீர்கள்?

முதலில் அந்த 48 இலக்க மீட்புச் சாவி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) சாவிகள் இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் அவற்றின் அடையாள எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். கேட்கும் திரையில் அந்த அடையாள எண்ணின் முதல் சில எழுத்துகள் தெரியும், அதை வைத்துத்தான் சரியான சாவியைக் கண்டுபிடிக்க முடியும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் சாவி அலுவலகக் கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட கணினியில் அனுமதி இல்லாமல் இந்த வேலையையே தொடங்க வேண்டாம்.

அடுத்தது விண்டோஸ் கணக்கின் முழுக் கடவுச்சொல். நாலு இலக்கப் பின் எண்ணை மட்டும் வைத்துப் பழகியவர்கள் இதை மறந்திருப்பார்கள். பயாஸ் அமைப்பை மாற்றினால் சில சமயம் விண்டோஸ் அந்தப் பின் எண்ணை ஏற்காமல் கடவுச்சொல்லைக் கேட்கும். வைஃபை கடவுச்சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு புகைப்படங்கள், கைப்பேசியில். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) எவ்வளவு அளவு என்று தெரியும்படி ஒன்று. பயாஸுக்குள் போய் எதையும் தொடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்தது இன்னொன்று. இந்தப் படங்கள் என்னிடம் இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் இரண்டு நிமிடமாகச் சுருங்கியிருக்கும்.

3. காப்பு நகல்

இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸில் மறந்துபோனவை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் என எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அதே கணினியின் டி டிரைவில் நகல் வைப்பது காப்பு நகல் ஆகாது. டி டிரைவும் பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான், தவறாக ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே போகும். நகலெடுத்த பிறகு வெளி டிஸ்க்கிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். நிறுவும்போது அது செருகியிருந்தால் நிறுவி அதையும் ஓர் இலக்காகக் காட்டும்.

4. என்கிரிப்ஷனை நீக்குங்கள்

புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். புரோ பதிப்பில் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்று இருக்கும். ஆன் என்று இருந்தால் ஆஃப் செய்யுங்கள். உடனே முடிந்துவிடாது. டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து எழுத வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். முழுதும் முடிந்தது என்று அந்தப் பக்கமே சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நீக்காமலும் இந்த வேலையைச் செய்து முடிப்பவர்கள் உண்டு. பூட்டிய பார்ட்டிஷனைக் கண்டால் நிறுவி விண்டோஸோடு சேர்த்து நிறுவும் எளிய வழியைக் கொடுக்க மறுக்கலாம், பயாஸைத் தொட்டால் சாவி கேட்கலாம். முதல்முறை செய்பவருக்கு இந்தத் தொல்லை வேண்டாம். எல்லாம் முடிந்து ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகு மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். அப்படி ஆன் செய்தால் லினக்ஸின் மெனு வழியாக விண்டோஸுக்குப் போகும்போது சில கணினிகள் மீட்புச் சாவியைக் கேட்கும். பயாஸின் பூட் மெனுவிலிருந்து (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) நேராக விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் கேட்காது.

5. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள்

விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாகக் கிளம்புவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் சி டிரைவ் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே பொருள். லினக்ஸிலிருந்து அதைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடியும். வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடும்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு, அதற்குள் மங்கலாகத் தெரியும் அமைப்புகளை மாற்ற அனுமதிக்கும் இணைப்பு. அதைச் சொடுக்கினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டத்திலிருந்து டிக்கை எடுக்கலாம். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகு இது தானாக மீண்டும் ஆன் ஆவதுண்டு, அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குப் போவதும் இதே ஆபத்துதான்.

நிலுவையில் உள்ள விண்டோஸ் புதுப்பிப்புகளையும் இப்போதே முடித்து இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். பாதி முடிந்த புதுப்பிப்போடு பார்ட்டிஷன் வேலையில் இறங்கக் கூடாது.

6. கணினி எந்த முறையில் கிளம்புகிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பயாஸ் மோட் என்ற வரிசையில் யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றோ லெகசி (பழைய முறை) என்றோ இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் கிளம்புகிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். ஒன்று அந்த முறையிலும் மற்றது இந்த முறையிலும் இருந்தால் ஒரே மெனுவில் இரண்டும் வராது. விண்டோஸ் 11 வந்த கணினி என்றால் யூஇஎஃப்ஐதான், யோசிக்கவே வேண்டாம். பழைய கணினியில் லெகசி என்று இருந்தால் டிஸ்க்கும் பெரும்பாலும் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் 4-க்கு மேல் வைக்க முடியாது. விண்டோஸே நான்கையும் எடுத்துக்கொண்டிருந்தால் மேற்கொண்டு போகாமல் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கீழே சொல்வதெல்லாம் யூஇஎஃப்ஐ கணினிக்கு.

செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் வேண்டாம், இரண்டும் அது ஆன் ஆக இருக்கும்போதே கிளம்பும். சில மடிக்கணினிகளில் மட்டும் பயாஸின் செக்யூரிட்டி பக்கத்தில் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் ஓர் அமைப்பு அணைந்திருக்கும். பென் டிரைவ் கிளம்ப மறுத்தால் அதை ஆன் செய்து பாருங்கள்.

7. லினக்ஸுக்கு இடம் ஒதுக்குங்கள்

இதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். லினக்ஸ் நிறுவியாலும் சி டிரைவைச் சுருக்க முடியும். ஆனால் விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸின் கருவி சுருக்குவதுதான் பாதுகாப்பு.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலச்சொடுக்கு, பிறகு ஷ்ரிங்க் வால்யூம். எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதை எம்பி கணக்கில் கேட்கும். 100 ஜிபி வேண்டும் என்றால் 102400 என்று கொடுங்கள். 25 ஜிபி போதும் என்று சொல்லும் குறைந்தபட்சத்தை நம்பி ஒதுக்கினால் சில மாதங்களில் நிரம்பிவிடும். 60-லிருந்து 100 ஜிபி வரை கொடுப்பது நல்லது. அதேபோல் விண்டோஸ் பக்கத்திலும் சுருக்கிய பிறகு 40 ஜிபியாவது காலியாக மிஞ்ச வேண்டும், அதன் புதுப்பிப்புகளுக்கு இடம் வேண்டுமே.

சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 15 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று கருவி சொல்லும். இங்கே நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நடுவில் எங்கோ நகர்த்த முடியாத ஒரு கோப்பு உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அது ஹைபர்னேஷன் கோப்பாகவோ பேஜ் கோப்பாகவோ சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்ததாகவோ இருக்கும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் கோப்பையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

சுருக்கியபின் கறுப்புப் பட்டையோடு அன்அலகேட்டட் என்று ஓர் இடம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே புது டிரைவ் எதையும் உருவாக்க வேண்டாம், அது லினக்ஸின் இடம். ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் ஒழுங்காகக் கிளம்புகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கணினியிலோ, இரண்டு டிஸ்க் பொருத்த வசதியுள்ள மடிக்கணினியிலோ லினக்ஸுக்கென்று தனி டிஸ்க் போட முடிந்தால் இந்தப் படியே தேவையில்லை. எனக்குத் தெரிந்து மிகக் குறைவான ஆபத்துள்ள வழி அதுதான்.

8. பென் டிரைவைத் தயாரியுங்கள்

ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸ் நிறுவி முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி, மின்ட் அதில் பாதி. இறக்கம் நடுவில் அறுந்து கோப்பு பழுதாகியிருந்தால் நிறுவும்போது பாதியில் விசித்திரமான பிழைகள் வரும். அதனால் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கிலேயே அந்த எண்ணைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. 64 எழுத்துகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரூஃபஸ் என்ற கருவியைத் திறந்து பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீமில் ஜிபிடி என்று வைத்து ஸ்டார்ட் கொடுங்கள். எந்த முறையில் எழுதட்டும் என்று கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருந்தவை அனைத்தும் அழியும். எழுதி முடித்ததும் அதை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள், தனக்குப் புரியாத அமைப்பைக் கண்டு அப்படிக் கேட்கிறது.

9. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல மெனு வரும். அதில் யூஸ் எ டிவைஸ் என்பதில் பென் டிரைவ் தெரியும். தெரியாவிட்டால் கணினி கிளம்பும்போது பூட் மெனு விசையை அழுத்த வேண்டும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறாது. இங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள். வைஃபை சேர்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட், திரை வெளிச்சம், கேமரா, புளூடூத் வேலை செய்கின்றனவா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் இணையம் கிடைக்கும். நிறுவியபின் உரிய டிரைவரை (அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இறக்க அது போதும்.

நிறுவி உங்கள் டிஸ்க்கையே காட்டாவிட்டால், நான் விழுந்த குழி இதுதான். இன்டெல் சில்லுள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க்கை நிர்வகிக்கும் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற இன்டெலின் அமைப்பின் கீழ் அது இருக்கும். பயாஸில் அந்த அமைப்பை அணைத்தாலோ ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினாலோ லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் கிளம்பாது. சரியான வரிசை இது: என்கிரிப்ஷன் நீங்கியிருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேரே பயாஸுக்குள் போய் அமைப்பை மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் கிளம்பும், அப்போதே புதிய அமைப்புக்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். உள்ளே நுழைந்து சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். கடவுச்சொல் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

10. நிறுவல்

டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவு ஐகானைத் திறங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். விசைப்பலகையை மட்டும் ஆங்கிலமாகவே வையுங்கள். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சற்று நேரத்தில் கடவுச்சொல் அமைக்கும்போது என்ன எழுத்து விழுகிறது என்றே தெரியாது. தமிழை நிறுவியபின் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் தரப்பு டிரைவர்களையும் மீடியா கோடெக்குகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் ஆன் என்றால் அதற்காக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரே ஒருமுறைதான் தேவைப்படும், ஆனால் நிச்சயம் தேவைப்படும்.

அடுத்து வருவதுதான் இந்த முழு வேலையிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய திரை. விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்று ஒரு வழி. டிஸ்க்கை முழுவதும் அழித்து நிறுவு என்று இன்னொரு வழி. நாமே பிரித்துக்கொள்ளும் கைமுறை வழி மூன்றாவது. இரண்டாவதைத் தொட்டால் விண்டோஸ், அதன் மீட்புப் பகுதி, உங்கள் கோப்புகள் எல்லாம் போய்விடும். சில பதிப்புகளில் அதுவே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். அடுத்து, அடுத்து என்று பழக்கத்தில் சொடுக்கிக்கொண்டே போகிறவர்கள் இழப்பது இங்கேதான்.

முதல் வழி தெரிந்தால் அதையே எடுங்கள். நீங்கள் ஒதுக்கிய காலி இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அது தெரியாவிட்டால் கைமுறை வழி. அதில் டிஸ்க்குகளின் பெயர்கள் புரியாத எழுத்துகளாக இருக்கும். பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள், நீங்கள் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு பார்ட்டிஷன் உருவாக்குங்கள்: வகை எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு வடிவம்), மவுன்ட் பாயின்ட் ஒற்றைச் சாய்கோடு (/). ஸ்வாப்புக்குத் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, அதை ஒரு கோப்பாக உபுண்டுவே உருவாக்கிக்கொள்ளும். கோப்புகளுக்கென்று தனி ஹோம் பார்ட்டிஷன் வைக்கச் சிலர் சொல்வார்கள். முதல்முறைக்கு அது வேண்டாம், இரண்டில் ஒன்று நிரம்பி மற்றது காலியாகக் கிடக்கும்.

டிஸ்க்கின் தொடக்கத்தில் 100 எம்பி, 260 எம்பி போன்ற சிறிய அளவில் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் கிளம்பத் தேவையான கோப்புகள் அதில்தான் உள்ளன. லினக்ஸும் கிளம்பத் தேவையான தன் கோப்புகள் சிலவற்றை அதே இடத்தில் ஒரு தனி அடைவில் வைக்கும். அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸ் நிறுவி பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் ஃபார்மட் செய்யக் கூடாது. அந்த வரிசையில் ஃபார்மட் கட்டம் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு சுருக்கம் காட்டும். ஃபார்மட் ஆகப்போகும் பட்டியலில் புது எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் பின்னால் போங்கள். இது வரை எதுவும் அழியவில்லை. சரி என்று தோன்றினால் நிறுவு பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்விடலாம்.

11. முதல் ரீஸ்டார்ட்

பென் டிரைவை எடுக்கச் சொல்லும், எடுத்துவிட்டு என்டர். டிரைவர்களுக்காகக் கடவுச்சொல் வைத்திருந்தால் இப்போது மாக் மேனேஜ்மென்ட் என்று ஒரு நீலத் திரை வரும், 10 விநாடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மாக், கன்டினியூ, யெஸ் என்று போய் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பதறிப்போய் இதைத் தவிர்த்துவிட்டால் கணினி கிளம்பும், ஆனால் என்விடியா டிரைவரோ வைஃபை டிரைவரோ ஏறாது.

அதன் பிறகு கிரப் மெனு, அதாவது லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல், வரும். முதல் வரியில் லினக்ஸ், கீழே எங்கோ விண்டோஸ் பூட் மேனேஜர். லினக்ஸுக்குள் ஒருமுறை, விண்டோஸுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மெனுவில் விண்டோஸ் இல்லை என்றால் அது அழிந்துவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் (os-prober) என்ற கருவியை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை ஆன் செய்து கிரப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும். அது வரை பயாஸின் பூட் மெனு வழியாக விண்டோஸுக்குப் போகலாம்.

12. முதல் வாரத்தில் கண்ணில் படுபவை

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி ஓடும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வருவது இது, பழுது இல்லை. டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்ற கருவியின் மூலம் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாறச் சொன்னால் சரியாகிவிடும்.

விண்டோஸின் கோப்புகளை லினக்ஸ் திறக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகத் திறக்காது. இரண்டிலிருந்தும் தொட வேண்டிய கோப்புகளை என்டிஎஃப்எஸ் வகை டி டிரைவிலோ எக்ஸ்ஃபேட் வகை வெளி டிஸ்க்கிலோ வையுங்கள். சி டிரைவுக்குள் லினக்ஸிலிருந்து எழுதும் பழக்கம் வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி முறைகள் எல்லாம் விசைப்பலகை அமைப்புகளில் வந்துவிடும். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

13. ஒரு நாள் கிரப் மெனு வராமல் போனால்

விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விடுவது சகஜம். லினக்ஸ் அப்படியே இருக்கும், பூட் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸுக்குள் போய் உபுண்டு என்ற பெயரை மேலே நகர்த்துங்கள், மின்ட் நிறுவியிருந்தாலும் பெயர் அப்படித்தான் தெரியும்.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு வேறொரு சிக்கல் வந்தது. பழைய ஷிம் கோப்பு (செக்யூர் பூட்டில் லினக்ஸ் கிளம்ப உதவும் சிறு கோப்பு) கொண்ட லினக்ஸ்கள், எஸ்பேட் (SBAT) சரிபார்ப்பு தோல்வி என்ற ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்தன. அந்த வரியைக் கண்டால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். பழைய பென் டிரைவும் அதே காரணத்தால் கிளம்ப மறுக்கலாம், புது ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

14. லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால்

பார்ட்டிஷனை முதலில் அழிக்காதீர்கள். கிரப்பின் கோப்புகளில் பெரும்பகுதி அந்தப் பார்ட்டிஷனில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் அடுத்த முறை கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி மட்டும் நிற்கும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, கிரப் இல்லாமலே விண்டோஸ் கிளம்புகிறது என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், நீங்கள் ஒதுக்கிய அதே அளவில், டிரைவ் எழுத்து இல்லாமல் இருக்கும் பார்ட்டிஷனை நீக்குங்கள். இஎஃப்ஐ, ரெகவரி என்று எழுதியிருப்பவற்றைத் தொட வேண்டாம். காலியான இடம் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் வலப்பக்கம் இருக்கும், சி மேல் வலச்சொடுக்கி எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் பழைய அளவுக்கே வந்துவிடும். பயாஸின் பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் மட்டும் கொஞ்ச நாள் தங்கியிருக்கும், அதனால் கெடுதல் எதுவும் இல்லை.